ஒல்லாந்தரின் இறைச்சியுருண்டை

ரொட்டர்டாமுக்குப் படிக்கப் போன என் பழைய மாணவன் ஒருவன் இரவில் தொலைபேசினான். "சேர், இஞ்ச பிரிகண்டெல் எண்டு ஒண்டு விக்கிறாங்க. எங்கட லம்ப்ரைஸுக்குள்ள வாற உருண்டைதானே? தின்னலாமா?"

கேள்வி நியாயமானதுதான். கொழும்பை 1656 இல் பிடித்து 1796 வரை ஆண்ட ஒல்லாந்தரின் பெயரைத்தான் பறங்கியரின் பிரிக்கடெல் இன்றும் சுமக்கிறது. ஆனால் அங்கே இன்று பிரிகண்டெல் என்பது எண்ணெயில் பொரித்த நீளமான சொசேஜ். பெரும்பாலும் கோழியும் பன்றியும் கலந்தது. "தொடாதே" என்றேன்.

நம் உருண்டைக்கு அங்குள்ள உறவு கெஹக்ட்பல். கெஹக்ட் என்றால் கொத்திய இறைச்சி, பல் என்றால் உருண்டை. நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. இறைச்சியோடு முட்டை, வெங்காயம், பாலில் ஊறிய பாண் அல்லது ரஸ்க் தூள், மிளகு, சாதிக்காய் சேர்த்துப் பிசைவார்கள். (அந்தச் சாதிக்காய்க்காகத்தான் ஒல்லாந்தக் கம்பனி 1621 இல் பண்டாத் தீவு மக்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்தது, அவர்களில் பலர் முஸ்லிம்கள்.) பட்டரில் சிவக்கப் பொரித்தபின் அதே சட்டியில் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் வேகவிடுவார்கள். அடியில் நிற்கும் ஆணம் உருளைக்கிழங்குக்கு.

வில்லங்கம் இறைச்சியில். அங்கே வழமையாக வாங்குவது 'பாதிக்குப் பாதி': மாடு பாதி, பன்றி பாதி. பன்றியின் கொழுப்பு உருண்டையை மெதுவாக்குமாம். தனி மாட்டிறைச்சியில் செய்தால் கொஞ்சம் வரண்டுதான் போகும். ஊறிய பாணைக் கூட்டிப் போட்டால் சரி. துருக்கியர், மொரோக்கோவினர் நடத்தும் ஹலால் இறைச்சிக்கடைகள் அந்த ஊர்களில் தாராளமாக உண்டு. அங்கே வாங்கி நீயே செய் என்றேன்.

சத்தைப் பொறுத்தவரை குறைசொல்ல முடியாது. 20 சதவீதக் கொழுப்புள்ள பச்சை மாட்டிறைச்சி 100 கிராமில் புரதம் 17 கிராம், இரும்பு ஏறத்தாழ 2 மில்லிகிராம், கலோரி 250 அளவில். கீரையின் இரும்பைவிட இறைச்சியின் இரும்பை உடல் இலகுவில் எடுத்துக்கொள்ளும். பி12 உயிர்ச்சத்தும் உண்டு. கொழுப்பை 10 சதவீதமாகக் குறைத்து வாங்கினால் புரதம் 20 கிராமாக ஏறும், கலோரி 180க்குள் இறங்கும். கவனிக்க வேண்டியது ஆணத்தை. பொரித்த பட்டரும் உருகிய கொழுப்பும் அதில்தான் நிற்கின்றன.

இதையெல்லாம் சொன்னபின் எங்கள் வீட்டிலும் ஒருநாள் செய்துபார்த்தோம். ஆறிய ஆணத்தின் மேல் உறைந்த கொழுப்பை மனைவி கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுடவைத்தா. "கிழங்கு வேணாம், இதுக்குச் சோறுதான்" எண்டா.