ஏணிக்கு மேலே, ஹெலிகாப்டருக்குக் கீழே

நதார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1858-ல் பாரிஸுக்கு வெளியே பலூனில் ஏறியபோது, கூடைக்குள்ளேயே ஓர் இருட்டறையையும் கொண்டுபோனார். அந்தக் காலத்து ஈரத் தகடுகளை மருந்து காய்வதற்குள் கழுவியாக வேண்டும். ஆனால் தகடு தகடாகக் கெட்டுப்போனது. பலூனிலிருந்து கசிந்த வாயு ரசாயனத்தைக் கெடுக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. வால்வை மூடிக்கொண்டு ஏறினார். மங்கலாக ஒரு கிராமம் பதிந்தது. அந்தப் படம் இன்று இல்லை. எஞ்சியிருக்கும் வான்வழிப் படங்களில் மூத்தது, ஜேம்ஸ் வாலஸ் பிளாக் 1860-ல் எடுத்த பாஸ்டன் நகரம்.

பிறகு பட்டம் வந்தது, புறாவின் மார்பில் கட்டிய குட்டி கேமரா வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் இவை எதிலும் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பவர் முழுதாக முடிவு செய்ய முடிந்ததில்லை.

ட்ரோன் மோகத்துக்கு உயரம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயரம் விமான ஜன்னலிலும் கிடைக்கிறது. கிடைக்காமல் இருந்தது, ஏணி முடியும் இடத்துக்கும் ஹெலிகாப்டர் துணிந்து இறங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வெளி. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் படத்தில் எந்த அளவில், எவ்வளவு விலகித் தெரியும் என்பது கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஜூம் செய்தால் ஃபிரேம் குறுகும், அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்தில் தரையில் நின்றால் பாத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி வெள்ளைக் கோடாகத் தெரியும். இருபது மீட்டர் ஏறினால் வரப்புகள் பிரிந்து கட்டங்கள் விரியும். நேர்கீழே பார்த்தால் வேலை செய்பவர் தலையும் தோளுமாகச் சுருங்கிவிடுவார்; அவரை அடையாளம் காட்டுவது நிழல்தான். சூரியன் 30 பாகையில் இருக்கும்போது நிழல் ஆளைப்போல் 1.7 மடங்கு நீளம். ஐந்து மீட்டர் ஏற்றி இறக்கி, சற்றே நகர்த்தி அந்த நிழலுக்கு இடம் தேடுகிற விளையாட்டில்தான் புகைப்படக்காரர் சொக்கிப்போகிறார்.

அப்படி ஓரிடத்தில் நிற்பதற்குள் எவ்வளவோ நடக்கிறது. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்கிறது. ஒரு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் உள்ளே இருக்கும் அழுத்தமானி உணர்கிறது. காற்று தள்ளினால் ட்ரோன் காற்றை நோக்கிச் சாய்ந்து சமாளிக்கும். ஆனால் கேமரா சாய்வதில்லை. ஜைராஸ்கோப் சொல்லும் கணக்குப்படி கேமராவைத் தாங்கும் கிம்பலின் மூன்று மோட்டார்கள் அதை எதிர்த்திசையில் திருப்பி நேராக்கிவிடுகின்றன. அதனால்தான் அந்தி வெளிச்சத்தில் ஷட்டரை ஒரு வினாடி திறந்து வைத்தும் தெளிவான படம் எடுக்க முடிகிறது.

இந்தியாவில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் முன் அனுமதியில்லாமல் பறக்கலாம். நல்ல படங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் பறவைகளும் அங்கேதான் இருக்கின்றன. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சீகா சதுப்புநிலத்தில், அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாக்கள் நடுவே ஒரு ட்ரோன் விழுந்தது. மிரண்டு பறந்த பறவைகள் திரும்பவில்லை; ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் வீணாயின. கூடு கட்டும் காலத்தில் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.