இரண்டு மாநிலம், ஒரே உலை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பெயர்ப்பலகை மாறும், ரேஷன் கார்டு மாறும். அடுக்களை மட்டும் மாற மறுக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை. முதல் இரண்டும் கேரளம். மூன்றாவது தமிழ்நாடு. 'விளை' என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் தோட்டம். இஞ்சி விளைந்த தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஒரு மாநில எல்லை ஓடுகிறது. பலகையில் எழுத்து வட்டமாக இருந்தால் மலையாளம், சற்றுக் கோணலானால் தமிழ். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எந்த மாநிலம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் ரசவடை, இரண்டு பக்கமும் ஏத்தன் பழத்தில் மாவு தோய்த்துப் பொரித்த அப்பம்.

சென்னைக்காரருக்குப் பலாப்பழம். இங்கே எல்லைக்கு இருபுறமும் அது சக்கை. மதுரையில் கொட்டாங்குச்சி, இங்கே சிரட்டை. சமையலறை என்பது பள்ளிப் புத்தகத்தில்தான், வீட்டில் அடுக்களை. பனையிலிருந்து இறக்கும் பதநீர் அக்கானி. மத்தி என்று வடகேரளம் சொல்லும் மீனுக்குப் பாறசாலையிலும் குழித்துறையிலும் ஒரே பெயர், சாளை. மொழிவாரி மாநிலம் பிரித்தவர்கள் அகராதியைப் பார்த்திருப்பார்கள். அடுக்களைக்குள் போய்க் கேட்டிருந்தால் கோடு போடக் கை நடுங்கியிருக்கும்.

கோடு சுலபமாக விழவும் இல்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. மாமியார் வீடு ஒரு மாநிலம், தாய்வீடு இன்னொரு மாநிலம் என்றானது அன்றுதான்.

இதில் பெரிய நஷ்டம் கேரளத்தின் சோற்றுப்பானைக்கு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு கையைவிட்டுப் போனது. அதற்கு முன்பும் அரிசி தாராளமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. திருவிதாங்கூர் பெரிதும் நம்பியிருந்தது பர்மா அரிசியை. 1942ல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும் உலையில் போட அரிசி இல்லை. அந்தப் பஞ்சத்தில் உயிர் காத்தது மரச்சீனிக் கிழங்கு.

தென்னமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கை ஏழைகளின் உணவாக ஊரெங்கும் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா என்று சொல்வார்கள். அந்த நன்றி இன்னும் மறக்கப்படவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், தான் உருவாக்கிய மரச்சீனி ரகம் ஒன்றுக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று பெயரிட்டது. ராஜாக்களின் பெயரைச் சாலைக்கும் சிலைக்கும் வைப்பதே நம் வழக்கம். கிழங்குக்கு வைத்தது அபூர்வம், ஆனால் பொருத்தம்.

மரச்சீனியை வேகவைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லைக்கு இருபுறமும் பெண்கள் அதைக் கைப்பழக்கமாகவே செய்கிறார்கள். தோலுரித்து, துண்டாக்கி, பாத்திரம் நிறையத் தண்ணீர்விட்டுத் திறந்தபடியே கொதிக்கவைப்பார்கள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரும் உப்பும் சேர்ப்பார்கள். காரணம் கேட்டால் 'கட்டு' போக வேண்டும் என்பார்கள். விஞ்ஞானமும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறது: கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது, கிழங்கை நறுக்கும்போது அதிலிருந்து சயனைடு பிரியும். தண்ணீரில் ஊறியும் ஆவியாகியும் அது வெளியேறும். கசக்கும் ரகங்களில் அளவு அதிகம், இனிக்கும் ரகங்களில் குறைவு. ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு வெகு முன்பே ஓலைக் குடிசையின் மூன்று கல் அடுப்பில் இந்தப் பாடம் நடந்து முடிந்துவிட்டது.

வெந்த கிழங்குக்குத் துணை சாளைக் குழம்பு. தேங்காயும் மிளகாயும் மல்லியும் அம்மியில் விழுதாக அரைபட்டு, புளியில் கொதித்து, மண்சட்டியில் மறுநாள்வரை இருந்தால் ருசி இன்னும் கூடும். ஏழையின் புரதமான அந்த மீனும் இப்போது ஏழையைச் சோதிக்கிறது. 2012ல் கேரளக் கரையில் சுமார் 4 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021ல் கிடைத்தது சுமார் 3,300 டன் மட்டுமே என்கிறது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அதன் பிறகு மீன் ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் சாளை விலை ஏறிய நாட்களில் கருவாட்டுத் துண்டையும் காந்தாரி மிளகாயையும் நம்பி எத்தனை அடுக்களைகள் ஓடின என்பதை எந்த நிலையமும் கணக்கெடுப்பதில்லை.

பையில் போகும் அரிசி

அரிசிக் கதை இன்னும் முடியவில்லை. திசை மட்டும் மாறியிருக்கிறது. தமிழக அரசு 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசியை இலவசமாகவே தருகிறது. களியக்காவிளைக்கு அப்பால் அதே அரிசிக்கு விலை உண்டு. விலை இருக்கும் இடத்துக்குப் பொருள் போகும் என்பது வியாபாரத்தின் முதல் பாடம். பஸ்ஸில், ரயிலில், இருசக்கர வாகனத்தில் சிறு சிறு பைகளாகப் போகும் அரிசி, அந்தப் பக்கம் மூட்டையாகிறது. குடிமைப் பொருள் அதிகாரிகள் பிடிப்பதும், பிடித்த மறுவாரமே வேறு ஊடுவழி திறப்பதும் மாவட்டப் பத்திரிகைகளில் வாடிக்கையான செய்தி. பை சுமக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது கூலி. லாபம் வேறெங்கோ போகிறது. குமரி மாவட்டத்தில் பலரும் விரும்பிச் சாப்பிடுவது சிவந்த, தடித்த சம்பா அரிசி என்பதால் ரேஷனில் வரும் வெள்ளை அரிசியை விற்றுவிட மனம் அவ்வளவாகத் தடுப்பதும் இல்லை.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கசப்பு. நெய்யாறு என்ற பெயரிலேயே நெய் இருக்கிறது. மாநிலப் பிரிவினைக்கு முன்பே திட்டமிடப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு பகுதியில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டியது. 2004ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 'இது எங்கள் ஆறு, மாநிலங்களுக்கிடையிலான நதியே அல்ல' என்பது அதன் வாதம். தமிழகம் 2012ல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு ஓடிக்கொண்டிருக்க, வயல் காத்திருக்குமா? தண்ணீர் வராத வயலில் வாழை வந்தது. மேட்டில் ரப்பர் ஏறியது. சாலையோரத்தில் வீட்டுமனைக் கல் நட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் வயல்கள் இப்படித்தான் சுருங்கின. அரிசிக்கு இரண்டு தரப்பும் இப்போது தொலைவில் வரும் லாரியையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்றாகச் சாப்பிடுபவர்களுக்குள் சந்தேகமும் வரும். 2015ல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரளம் குற்றம்சாட்டியது. விளைவு, மொட்டைமாடிகளில் வெண்டையும் கத்தரியும் முளைத்தன. 2018 ஜூனில் அமரவிளை சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. குமரிக்காரர்களுக்கும் ஒரு புகார் உண்டு: கேரளத்து ஓட்டல் கழிவும் இறைச்சிக் கழிவும் இரவோடிரவாகத் தங்கள் ஊர் ஓடைகளில் கொட்டப்படுகின்றன. சாப்பாடு பகலில் வடக்கே போகிறது, மிச்சம் இரவில் தெற்கே வருகிறது என்பதுதான் அவர்கள் ஆத்திரம்.

பந்தியில் இந்தச் சண்டை எதுவும் இல்லை. திருவனந்தபுரத்துக் கல்யாணச் சத்யாவில் பால்பாயசத்தோடு இலையில் விழுவது போளி. அது தமிழ்ப் பலகாரம். வடகேரளத்து விருந்தாளிகளுக்கு அது வியப்பு. நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் கல்யாணத்தில் எரிசேரி, புளிசேரி, தீயல், பிரதமன் இல்லாமல் இலை நிறையாது. ஓணத்துக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. திருவனந்தபுரத்து அத்தப்பூக்களத்துக்குத் தோவாளைப் பூ. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியே திருவனந்தபுரம் போகும்போது இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கின்றன. அந்தப் பத்மநாபபுரம் அரண்மனையே விசித்திரம். நிற்பது தமிழ் மண்ணில், நிர்வாகம் கேரள அரசிடம். அங்குள்ள ஊட்டுபுரையின் இரண்டு தளங்களிலும் சேர்த்து இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உண்ணலாம் என்பார்கள். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய ஜாடிகள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் என்ன மொழி என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பலாமரத்தைக் காட்டுவார்கள். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது கதை. தமிழகத்தின் மாநிலப் பழம் பலா. 2018 மார்ச்சில் கேரளமும் அதையே மாநிலப் பழமாக அறிவித்தது. இரண்டு அரசுகளும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல இது. ருசி அதுவாகவே எடுத்த முடிவு.

2020ல் கொரோனா ஊரடங்கில் எல்லையின் ஊடுவழிகளை மண்ணும் தடுப்பும் போட்டு அடைத்தபோதுதான் அங்கே ஒரு கோடு இருப்பதே பல வீடுகளுக்கு உறைத்தது. பால் ஒரு பக்கம், மருந்துக்கடை ஒரு பக்கம், மகள் வீடு ஒரு பக்கம். தடுப்பு எடுத்ததும் கோடு மறுபடி மறைந்துபோனது. தண்ணீருக்கும் அரிசிக்கும் கழிவுக்கும் இரண்டு அரசுகளும் ஒரு நியாயம் கண்டுபிடித்தாக வேண்டும்; அது கோட்டையிலும் நீதிமன்றத்திலும் நடக்கிற வேலை. அதுவரை மரச்சீனிக்கு முதல் தண்ணீரைக் கொட்டி, இரண்டாவது தண்ணீரில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை.