பொறி கல்லில் இல்லை, எஃகில் இருக்கிறது

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர், உரசினால் பற்றும் தீக்குச்சிகளை 1827ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வீடுகளில் அடுப்பு மூட்ட உதவியவை சிக்கிமுக்கிக் கல்லும் சிறிய எஃகுத் துண்டும்தான்.

பொறி கல்லிலிருந்து பறப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில், கல்லின் கூரிய விளிம்பு எஃகை நுண்துகள்களாகச் சீவுகிறது. உராய்வில் சூடேறும் அத்துகள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது எரியும் இரும்பு!

பொருளறிவியல் மாணவியான நான் இதைப் பாடத்தில் படித்ததுண்டு. கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு சென்ற விடுமுறையில், கொல்லுப் பட்டறைப் பயிற்சி ஒன்றில் கிடைத்தது. கப்பல் பட்டறையில் தாத்தா பயன்படுத்திய பழைய அரத்தைக் கொண்டுசென்றேன். வீட்டில் அவர் நினைவாக இருந்த ஒரே கருவி அது. அம்மா அரை மனத்தோடுதான் கொடுத்தார்.

அரத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பன் இருக்கும். கார்பன் மிகக் குறைவான சாதாரண ஆணியை எவ்வளவு சூடாக்கி நனைத்தாலும் அந்தக் கடினம் வராது, பொறியும் வராது.

முதலில் அரத்தின் பற்களைத் தேய்த்து நீக்கினோம். பிறகு ஆரஞ்சு நிறம் வரும்வரை உலையில் காய்ச்சி, பட்டடையில் வைத்து அடித்தோம். இரு முனைகளையும் வளைத்ததும் விரல்களுக்குள் அடங்கும் பிடி உருவானது.

அடுத்தது பதமேற்றுதல். 727 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது எஃகின் அணு அடுக்கு மாறத் தொடங்குகிறது. காந்தமும் ஒட்டாமல் போகிறது. அந்த நிலையில் சட்டென்று குளிர்வித்தால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்கின்றன. அதுவே ‘மார்ட்டென்சைட்’ எனும் கடினமான அமைப்பு. ஆனால், அதே வேகம் எஃகைப் பிளந்துவிடவும் கூடும்.

காந்தம் ஒட்டவில்லை. தாத்தாவின் அரத்துக்கு மாற்று கிடையாது. இடுக்கியால் பிடித்து, அடிக்கும் விளிம்பை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினேன். சீறல் அடங்கியதும் பயிற்றுநர் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இல்லை. வேறோர் அரத்தால் தேய்த்தார். அது பிடிக்காமல் வழுக்கியது.

மூன்றாவது அடியில் கருக்கிய பருத்தித் துணியில் ஒரு பொறி விழுந்து, சிவந்து பரவியது.

விளிம்பு கடினமாக வேண்டும். பிடியோ உடையாமல் தாங்க வேண்டும். ஒரே எஃகில் இரண்டையும் பெறுவது எப்படி என்பதுதான் கத்தி முதல் பற்சக்கரம் வரை பொறியாளர்கள் எதிர்கொள்ளும் கேள்வி. வெப்பநிலை வரைபடம் வெறும் கோடுகளாகத் தெரிகிறதா, நண்பர்களே? பாதுகாப்பான பட்டறையில், பயிற்றுநர் துணையுடன் ஒருமுறை சம்மட்டி பிடித்துப் பாருங்கள். அந்தக் கோடுகளுக்கு நிறமும் சூடும் உண்டு.