கருகிய பிளக் பாயிண்ட்: கண்டதும் செய்ய வேண்டியவை

சமையலறையில் மிக்ஸி போடும் இடத்திலோ, வாட்டர் ஹீட்டருக்குக் கொடுத்த இடத்திலோ, வெள்ளையாக இருந்த பிளக் பாயிண்ட் ஒரு துளையைச் சுற்றி மஞ்சளாகும். பிறகு பழுப்பாகும். கடைசியில் கருத்து உருகும். அதைப் பார்த்த பிறகும் பல வீடுகளில் பிளக்கைச் சற்றுச் சாய்த்து அழுத்தி, “இப்படி வச்சா எடுக்கும்” என்று நாளை ஓட்டுகிறார்கள். வீட்டில் தீப்பிடிக்கவும் ஷாக் அடிக்கவும் இதுவே போதும். கருகிய பாயிண்ட் இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தவே கூடாது.

ஏன் கருகுகிறது?

பெரும்பாலும் காரணம் தளர்ந்த இணைப்புதான். பிளக்கின் பின்னைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடு நாளடைவில் விரிந்துவிடும். உள்ளே ஒயரை இறுக்கும் திருகு தளர்ந்துவிடும். உலோகமும் உலோகமும் முழுதாகப் படியாத இடத்தில் மின்தடை கூடி, அங்கே சூடு பிறக்கிறது.

10 ஆம்பியர் ஓடும் பாயிண்டில் அரை ஓம் தடை ஏற்பட்டாலே அந்தச் சிறு இடத்தில் 50 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பல 25 வாட்தான். அப்படி இரண்டு, உங்கள் சுவரிலுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்த காரணம் தாங்காத சுமை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல். சிறிய பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது, பெரிய பவர் பிளக் 16 ஆம்பியருக்கு உரியது. சிறிய பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதில் அயர்ன் பாக்ஸையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போட்டால் கருகத்தான் செய்யும்.

எம்.சி.பி. விழவில்லையே?

“ஆபத்து இருந்தால் எம்.சி.பி. தானாக விழுந்திருக்குமே” என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோதான் எம்.சி.பி. விழும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, அந்த இடத்தின் சூடுதான் கூடுகிறது. அதை எம்.சி.பி. அறியாது.

ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு தடுப்பானும் அப்படித்தான். மின்சாரம் மனித உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அது விழுந்து உயிரைக் காக்கும். பாயிண்டுக்குள் நடக்கும் கருகலை அதுவும் காணாது. ஆகவே இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க நம் மூக்கையும் கண்ணையும்தான் நம்ப வேண்டும்.

பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியருக்கு மாற்றுவதும் இருக்கிற காவலையும் கெடுத்துவிடும்.

நம் மாவட்டத்தில் கூடுதல் கவனம்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே குமரி மாவட்டத்துக்குக் கிடைக்கின்றன. ஓட்டு வீட்டுச் சுவர்களும் ஒழுகும் கான்கிரீட் கூரைகளும் நெடுநாள் ஈரம் காக்கும். முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். களிம்பேறிய இடத்தில் தடை கூடும், சூடும் கூடும். சுவிட்ச் போர்டுக்குள் எறும்பும் பல்லியும் புகுவதும் மழைக்காலத்தில் சாதாரணம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது ஊர் ஊராக நாள்கணக்கில் இருண்டு கிடந்தது நமக்கு நினைவிருக்கும். அப்படி மின்சாரம் திரும்பி வரும்போது, நனைந்த சுவரிலுள்ள போர்டுகளை ஒயர்மேன் பார்த்த பிறகே போட வேண்டும்.

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பொருள்களாலும் ஒரு சிக்கல் உண்டு. துபாய், கத்தார், குவைத் போன்ற இடங்களிலிருந்து கொண்டுவரும் மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் மூன்று தட்டைப் பின் கொண்ட பிளக் இருக்கும். நம் பாயிண்டின் துளைகள் உருண்டை. திணித்து ஏற்றினாலோ, மலிவான அடாப்டர் மாட்டினாலோ பிடிப்பு அரைகுறையாகவே இருக்கும். எர்த் தொடாமலே போகலாம். அத்தகைய பிளக்கை வெட்டிவிட்டு, அந்தக் கருவியின் ஆம்பியருக்கு ஏற்ற ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று பின் பிளக்கை ஒயர்மேன் மூலம் மாட்டிக்கொள்வதே நல்லது.

கருகல் வாடை வந்தால்

• பிளக்கை உடனே கையால் பிடுங்காதீர்கள். உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து மின்சாரம் உள்ள உலோகம் வெளியே வந்திருக்கலாம்.

• முதலில் அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே நிறுத்துங்கள். கையும் காலும் உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

• இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கிய பிறகும் சில பாயிண்டுகளில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்துங்கள்.

• சுவர் சுடுகிறதா, போர்டிலிருந்து புகை வருகிறதா என்று சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். உள்ளே மெல்லப் புகைந்து பிறகு தீப்பிடிப்பதும் உண்டு.

• ஒயர்மேன் வந்து மாற்றும்வரை அந்த எம்.சி.பி.யை மேலே தூக்காதீர்கள். பாயிண்டின் மேல் தாள் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

மீட்டரிலோ கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலோ பொறி பறந்தால் நாமே எதையும் தொடக்கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் தெரிவிக்கலாம்.

தீயும் புகையும்

மின்சாரம் நிற்காத நிலையில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால், தீ சிறியதாக இருக்கும்போது மட்டும், வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று அடிக்கலாம். திரைச்சீலையோ மெத்தையோ பற்றிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

ஒயரின் பி.வி.சி. உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றலும் குமட்டலும் அதன் அறிகுறிகள். புகையில் மாட்டினால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியே வாருங்கள். பிறகு இருமல், மூச்சிரைப்பு, தலைவலி இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தாமதிக்கவே கூடாது.

ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள்

2023 அக்டோபரில் திருவட்டாறு அருகே ஆற்றூரில், மழை நேரத்தில், கர்ப்பிணிப் பெண் உட்பட ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். ஒருவருக்கு அடித்ததும் மற்றவர்கள் காப்பாற்ற ஓடியதில் அவர்களையும் மின்சாரம் தாக்கியது. பாசம் நம்மை முதலில் அவரை நோக்கித்தான் ஓடச்சொல்லும். ஆனால் மெயின் சுவிட்சை நோக்கி ஓடினால்தான் அவரைக் காப்பாற்ற முடியும்.

வீட்டுக்குள் அடித்து, மெயினை எட்ட முடியாவிட்டால், உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்குங்கள். அறுந்து விழுந்த தெருக்கம்பி என்றால் அருகே போகவே கூடாது.

விலக்கிய பிறகு 108-ஐ அழையுங்கள். அவர் நினைவின்றி, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

தீக்காயத்துக்கு எண்ணெய் வேண்டாம்

கருகிய பாயிண்டில் கை பட்டுச் சுட்டால், மின்சாரத்திலிருந்து விலகிய பிறகு, ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். தேங்காய் எண்ணெய், பற்பசை, மை, மாவு எதையும் பூசாதீர்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

மின்காயம் தோலில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம். மின்சாரம் உடலுக்குள் புகுந்த இடம் ஒன்று, வெளியேறிய இடம் வேறொன்று. நடுவில் இதயம் இருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், மரத்துப்போதல் இருந்தாலோ, ஷாக் பட்டவர் கர்ப்பிணியாகவோ இதய நோயாளியாகவோ இருந்தாலோ, அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது.

ஒயர்மேனிடம் கேட்க வேண்டியவை

உரிமம் பெற்ற ஒயர்மேனை அழையுங்கள். முகப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருகிய ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்; நீளம் போதாவிட்டால் ஒயரையே மாற்ற வேண்டும். கருவியின் பிளக்கும் கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிளக் புதிய பாயிண்டையும் கருக்கிவிடும்.

பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் வருகிறதா, ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் 4 ஸ்கொயர் எம்.எம். ஒயருடன் தனி எம்.சி.பி. இருக்கிறதா, எர்த் உண்மையிலேயே இயங்குகிறதா என்று கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அப்போதே மாட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

இந்த வாரமே பாருங்கள்

வீட்டிலுள்ள ஒவ்வொரு பாயிண்டையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறியது, பிளக் தொளதொளவென ஆடுவது, சுவிட்ச் போடும்போது உர்ரென்று ஒலிப்பது, மீன் வாடை போல ஒரு நாற்றம் அடிப்பது ஆகிய எல்லாமே எச்சரிக்கை. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் படம் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று பாட்டிக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இன்றே காட்டிக்கொடுங்கள். ஒரு பாயிண்ட் மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.