பொறுக்குவதால் அது கை: ஒரு ஸ்லாவியச் சொல்லின் வேர்

ரஷ்ய மொழியில் கைக்கு 'ருக்கா'. செக்கிலும் அதேதான். ஸ்லொவீனியனில் 'ரோக்கா'. போலிஷுக்குப் போனால் மட்டும் 'ரெங்க்கா'. நடுவில் இந்த மூக்கொலி எப்படி வந்தது? போலிஷ்காரர்கள் சேர்த்ததா, மற்றவர்கள் தொலைத்ததா?

இதுக்கு வெளியிலிருந்து சாட்சி வேணும். ஸ்லாவிய மொழிகளுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் லிதுவேனியன். அதில் கை 'ரங்க்கா'. அழிந்துபோன பழைய பிரஷ்யனிலும் 'ரங்க்கோ'. அடுத்த சாட்சி ஹங்கேரியன். சொந்தமே இல்லாத மொழி, ஆனா ஸ்லாவியரிடம் நிறையக் கடன் வாங்கியது. புறாவுக்கு ரஷ்யனில் 'கோலுப்', ஹங்கேரியனில் 'கலம்ப்'. கடன் போன காலத்தில் மூக்கொலி இருந்திருக்கு! பழைய சர்ச் ஸ்லாவியத்தில் இந்த உயிருக்கென்றே தனி எழுத்தும் உண்டு. ஆக, தொலைத்தது மற்றவர்கள்தான்.

இப்படி மீட்ட தொல்ஸ்லாவியச் சொல் *ரோங்க்கா. முன்னால் நிற்கும் நட்சத்திரத்துக்கு, 'எங்கும் எழுதி வைக்கப்படாதது, ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது' என்று அர்த்தம்.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லிதுவேனியனில் 'ரிங்க்தி' என்றால் பொறுக்குவது, சேகரிப்பது. 'ரெங்க்கு' என்றால் சேகரிக்கிறேன். அந்த வினையில் உயிர் மாறிப் பிறந்த பெயர்தான் 'ரங்க்கா'. நமக்கு இது புதுசில்லை: சுடு சூடு ஆகிறது, கெடு கேடு ஆகிறது, இல்லையா? முறை வேறு, வினையின் உயிரை மாற்றிப் பெயராக்கும் யோசனை ஒன்றுதான். ஆக, கை என்பது 'பொறுக்குவது'.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் கைக்கு இதைவிடப் பழைய சொல் ஒன்று இருந்தது. சமஸ்கிருத 'ஹஸ்த', கிரேக்க 'கெய்ர்', ஹிட்டைட் 'கெஸ்ஸர்' எல்லாம் அதன் பிள்ளைகள். 'சர்ஜரி'கூட கிரேக்கத்தில் 'கைவேலை' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பால்டிக், ஸ்லாவிய மொழிகளில் கைக்கு அந்தச் சொல் போய், 'பொறுக்கி' வேலை செய்யும் இந்தப் புதுப்பெயர் உட்கார்ந்துவிட்டது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. ஸ்லாவிய மொழிகளில் பெயர் மட்டும் தங்கி, அந்த வினை காணாமல் போச்சு. ரஷ்யனை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தோண்டினாலும் 'ருக்கா'வுக்கு வேர் கிடைக்காது. வேர்ச்சொல் தேடுறவங்க ஒரே மொழிக்குள்ளேயே எல்லா விடையும் இருக்கும்னு நினைத்தால், இந்த மாதிரிச் சொற்களுக்குக் கதை கட்டத்தான் வேண்டியிருக்கும். பக்கத்து மொழியைக் கேட்டால் ஒரே வினையில் விடை கிடைக்கிறது.