அண்ணாமலை யாத்திரையின் இறுதிநாள்

பலநாள் கால்நடையாய் வந்து, இறுதிநாளில் திருவண்ணாமலையை அணையும் அன்பர்தம் உள்ளத்தே இரண்டு எண்ணங்களுள் ஒன்று எழுதல் கூடும். 'யான் நடந்தேன், யான் கண்டேன், யாத்திரையை முடித்தேன்' என்பது ஒன்று. 'இறைவன் அழைத்தான், அவன் காட்டக் கண்டேன்' என்பது மற்றொன்று. சொல்லளவில் இவை சிறிதே வேறுபடுவனபோலத் தோன்றும். ஆயினும் முன்னது தற்போதத்தின் வழிப்பட்டது. பின்னது திருவருளின் வழிப்பட்டது. நடந்த வழியும் வருந்திய கால்களும் ஒன்றேயாயினும், எண்ணம் வேறாகவே பயனும் வேறாகும். அஃது எவ்வாறென்பது ஈண்டு ஆராயப்படும்.

நடுநாட்டுத் திருத்தலங்கள் 22 இனுள் ஒன்றாகிய அண்ணாமலை, ஐம்பூதத் தலங்களுள் தீயின் தலமாய் விளங்குவது. அயனும் மாலும் அடிமுடி தேடிய வரலாறு இத்தலத்திற்கே சிறப்பாக உரியது; எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணமும் இதனை விரித்துரைக்கும். பன்றியாய் நிலம் அகழ்ந்த மால் அடியைக் காணாது மீண்டு, தன் மாட்டாமையை ஒப்புக்கொண்டான். அன்னமாய்ப் பறந்த அயனோ, முடியைக் காணாதிருந்தும் தாழம்பூவைச் சான்றாக்கிக் 'கண்டேன்' என்றான். காணாமையில் இருவரும் ஒப்பர். அயனுக்குக் குற்றமாயது காணாமையன்று. காணாததைக் கண்டேனென்ற செருக்கேயாம். நெடுவழி முடித்து இம்மலையடியில் நிற்பவன் முதற்கண் நினைத்தற்குரியது இவ்வரலாறே என்க.

இனி, இம்மலைக்கு அணைதற்குரிய முறைமையைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் வரலாற்றிற் சேக்கிழார் பெருமான் காட்டியருளுகின்றார். பிள்ளையார் திருக்கோவலூர் வணங்கி, பெண்ணையாற்றின் வடகரையிலுள்ள அறையணிநல்லூரை அடைந்தார். இஃது இக்காலத்து அரகண்டநல்லூர் என வழங்கும். பாறைக்குன்றின்மேல் அமைந்த அத்திருக்கோயிலை அவர் வலம்வரும்பொழுது, தொண்டர்கள் திருவண்ணாமலையைச் சுட்டிக் காட்டினர். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அப்பாலிருந்தும், 2,600 அடிக்கு மேற்பட்ட உயரமுடையதாகலின், அம்மலை அங்குநின்று புலப்படும். பிள்ளையார் அதனை மலையென்று காணாது இறைவன் திருவடிவென்றே கண்டு கைதொழுதார். முதல் திருமுறையின் 10ஆம் பதிகத்தைப் பாடிக்கொண்டு, தொண்டருடன் சென்று மலையைச் சேர்ந்தார்.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, பதிகம் சேர்ந்தபின் எழாது, சேய்மையில் மலை புலப்பட்டபொழுதே எழுந்தமை. ஆகவே இறுதிநாட் செலவு, காணாததைத் தேடிச் சென்ற செலவன்று. கண்டதனை அணைதற்குச் சென்ற செலவு. மற்றொன்று, பிள்ளையார் தாமே கண்டாரென்னாது, தொண்டர் காட்டக் கண்டாரென்றமை. இறைவியிடத்து ஞானப்பாலுண்ட பெருமானுக்கும் காட்டுவார் வேண்டப்பட்டனரோ எனின், வேண்டப்பட்டனர் என்பதே சித்தாந்தம்.

இதன் கருத்தைச் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் தெளிவிக்கும். அந்நூலைத் தமிழிற்றந்த மெய்கண்டதேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் அப்பெண்ணையாறு பாயும் நாட்டதே. கண் ஒளியுடையதாயினும், உயிர் உடனின்று காட்டினாலன்றி ஒன்றனைக் காணமாட்டாது. அவ்வாறே உயிர் அறிவுடையதாயினும், இறைவன் உடனின்று தானும் கண்டு உயிர்க்கும் காட்டினாலன்றி ஒன்றனையும் அறியமாட்டாது. இவ்வுபகாரத்தை மறவாத அன்பினாலேயே உயிர் அரன் திருவடியைத் தலைப்படும். ஆண்டு ஆசிரியர் அடைதலைக் குறிக்கச் செலவுப்பொருட்டாய சொல்லையே எடுத்தாண்டமையும் நோக்கத்தக்கது. அச்செலவு கால்களாற் செய்யப்படுவதன்று. மறவா அன்பினாற் செய்யப்படுவது.

அற்றேல், தொண்டர் காட்டியதனைத் திருவருள் காட்டியதென்றல் யாங்ஙனமெனின், அடியார் திருவேடத்தைச் சிவனெனவே தேறி வழிபடுக என அடுத்த சூத்திரம் விதித்தலின், அவர் காட்டுதல் சிவன் காட்டுதலேயாம் என விடுக்க.

இவ்வுண்மை திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கயிலை யாத்திரையில் இன்னும் விளங்கும். சுவாமிகள் திருக்காளத்தியினின்றும் வடக்கே சென்று, காசியையும் கடந்து, அரிய காட்டினூடே நடந்தனர். பாதங்கள் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் தேய்ந்தபின் மார்பினாலும், அதன்பின் புரண்டும் சென்றனர். உறுப்பெல்லாம் ஓய்ந்தவழியும், காணாது மீளேனென்னும் உறுதி ஓய்ந்திலது. அப்பொழுது இறைவன் ஆணைவழி ஆண்டுள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுப் பொய்கையில் எழுந்து, அங்கே கயிலைக்காட்சி பெற்றார். இறுதித் தொலைவு நடந்து முடிக்கப்படவில்லை, அருளப்பட்டது. அதுபற்றி முன் நடந்த நடை வீணாயிற்றென்றல் பொருந்தாது. தம் முயற்சி முழுதும் இறைவன்பாற் செலவிடப்பட்டு ஓய்ந்த இடத்தே அருள் வெளிப்பட்டது. அக்கயிலையையே தோள்வலியாற் பெயர்க்க முயன்ற அரக்கன் அதன்கீழ் நெரிந்தான். பிள்ளையார் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் அவனையும், ஒன்பதாம் பாட்டில் அயன் மாலையும் வைத்தோதியது, வலியாலும் அறிவாலும் 'யான்' என முந்துவார் காணமாட்டாமையை உணர்த்தற்கென்பது சிந்திப்பார்க்குப் புலனாம்.

இனி ஒரு தடை. இறைவன் எங்கும் நிறைந்தவனாயின், உடல் வருந்தப் பலநாள் நடந்து ஒரு தலத்தை அடைதல் எற்றுக்கு? அடைந்து பயன்பெற்றபின் மீட்டும் வழிபடுதல்தான் எற்றுக்கு எனின், கூறுதும். பால் முழுதும் நெய் உளதாயினும் கடைந்தவழியே திரண்டு தோன்றுமாறுபோல, எங்குமுள்ள இறைவன் திருக்கோயிலின்கண் அன்பர்க்கு விளங்கித் தோன்றுவன். அன்றியும், திருக்கோயில் வழிபாட்டை விதிக்கும் பன்னிரண்டாஞ் சூத்திரம், நூலின் சாதனவியலில் வைக்கப்படாது பயனியலில் வைக்கப்பட்டுள்ளது. ஆகலின், அவ்வழிபாடு பயன் எய்தாதார்க்கு மட்டும் உரியதன்று. எய்தினார்க்கும் அதுவே செயலாம். இதனால் யாத்திரையின் நிறைவு வழிபாட்டின் முடிவாகாமை பெறப்படும்.

அண்ணாமலையில் இவ்வுண்மை கண்கூடாகக் காணக்கிடக்கின்றது. ஏனைத் தலங்களிற் கோயிலினுட் சென்று இலிங்கத் திருமேனியைத் தரிசித்தல் யாத்திரையின் எல்லையாகக் கருதப்படும். ஈண்டோ மலையே இலிங்கமெனப் போற்றப்படுதலின், வந்த அன்பன் கோயிலிற் றொழுதபின் மலையை வலங்கொள்ளப் புறப்படுகின்றான். இந்திரலிங்கம் முதல் ஈசானலிங்கம் ஈறாக எட்டு இலிங்கங்களையும் அடியண்ணாமலைக் கோயிலையும் வணங்கிச் செல்லும் அவ்வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டராம். நேர்வழி நடப்பார்க்கு 'இன்னும் இத்துணைத் தொலைவு' என்னும் எண்ணிக்கை உண்டு. வலம்வருவார்க்கோ ஒவ்வோரடியும் இறைவனுக்கு அணிமையதே. முந்தினாரும் பிந்தினாரும் அங்கில்லை. நெடுவழியின் இறுதியில் அவ்வெண்ணிக்கையை விட்டொழித்தற்கு இதனினும் ஏற்ற பயிற்சி வேறில்லை.

ஆகவே, இறுதிநாள் வழிநடைச் செல்வார் கடைப்பிடிக்க வேண்டுவன இவை: மலை முதலிற் புலப்பட்ட இடத்தே நின்று தொழுக. அதனைக் காட்டிய அடியாரையும் தொழுக. நடந்த நாட்களை எண்ணிப் பிறர்க்குரைத்தலை ஒழிக. யாத்திரையாகிய நல்வினையும் 'எனது' என்னுமளவில் பொன்விலங்காய்ப் பிணிக்குமாதலின், அதனை இறைபணியாகத் திருவடிக்கே உரிமைசெய்க. திருக்கோயிற் கருவறையின் மேற்புறத்தே இலிங்கோற்பவ மூர்த்தி முன்னர் நிற்கும்பொழுது, அயனுரைத்த சொல் தம் நெஞ்சில் எழாவாறு காக்க. அங்ஙனம் காத்தார்க்கே நடை ஓய்ந்தவிடத்தும் அன்பு ஓயாது நிற்கும். அதுவே யாத்திரைப் பயன்.

திருச்சிற்றம்பலம்