அலைக்கும் முகவரி உண்டு, தெரியுமா?

புலிக்குக் காப்பகம் இருக்கிறது. யானைக்கு இருக்கிறது. பறவைகளுக்குச் சரணாலயம் இருக்கிறது. அலைக்குக் காப்பகம் இருக்கிறது, தெரியுமா? போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் எரிசெய்ரா என்ற மீன்பிடி ஊருக்கு. அந்த ஊரை ஒட்டிய அட்லாண்டிக் கரையில் சில கிலோமீட்டர் நீளத்தை ‘உலக அலைச்சறுக்குக் காப்பகம்’ என்று 2011-ல் அறிவித்தது ‘சேவ் த வேவ்ஸ்’ என்ற அமைப்பு. ஐரோப்பாவில் இதுதான் முதல். உள்ளே இருப்பவை ஏழு அலைகள்! ஏழுக்கும் தனித்தனிப் பெயர்: பெத்ரா பிராங்கா, ரீஃப், ரிபெய்ரா டில்யாஷ், கேவ், கிரேஸி லெஃப்ட், கோஷுஷ், சாவ் லொரென்சு.

வந்து உடைந்து நுரையாகிக் காணாமல் போகும் அலைக்கு எப்படிப் பெயர் வைப்பது? வைக்கலாம். ஏனென்றால் கோஷுஷில் இன்று எழும் அலையும் பத்து வருஷத்துக்கு முன் எழுந்த அலையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, ஒரே விதமாகத்தான் சுருண்டு விழும். தண்ணீர் வேறு, காற்று வேறு, புயல் வேறு. அடியில் கிடக்கும் பாறை மட்டும் அதேதான். சர்ஃபிங் செய்கிறவர்கள் தண்ணீரின் மேல் சறுக்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சறுக்குவது கடலடிப் பாறையின் வடிவத்தின் மேல்!

ரீஃப் என்றதும் வண்ணவண்ணப் பவளம் நினைவுக்கு வருகிறதா? இங்கே பவளம் இல்லை. டைனோசர்கள் உலாவிய கிரெட்டேசியஸ் காலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த பழைய பாறை, கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பார்’ என்பார்களே, அந்த மாதிரிக் கடலடிப் பாறைத்திட்டு.   

அந்தப் பாருக்கு அலை எங்கிருந்து வருகிறது? எரிசெய்ராவில் வெயில் பளிச்சென்று அடிக்கும், இலை அசையாது, ஆனால் கடலில் இரண்டு ஆள் உயர அலை வரிசை கட்டி வரும். அதை உண்டாக்கிய காற்று இரண்டு மூன்று நாளுக்கு முன், ஐஸ்லாந்துக்கோ கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கோ பக்கத்தில் வீசியிருக்கும். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 14 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் அந்த இரண்டு முகடுகளுக்கும் நடுவே 300 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். ஒவ்வொரு முகடும் மணிக்கு 78 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அலைக்கூட்டம் அதில் பாதி வேகத்தில், 39 கிலோமீட்டரில்தான் நகரும்!

அது எப்படி? இந்த இடத்தில்தான் தலை சுற்றும். கூட்டத்தின் கடைசியில் ஓர் அலை பிறக்கிறது. கூட்டத்துக்குள் புகுந்து எல்லாரையும் முந்தி முன்னால் வருகிறது. முன்வரிசைக்கு வந்ததும் தேய்ந்து மறைந்துபோகிறது. பின்னால் இன்னொன்று பிறக்கிறது. 2,500 கிலோமீட்டர் பயணத்தில் கிளம்பிய அலை எதுவும் கரைக்கு வந்து சேர்வதில்லை, சேர்வது அவற்றின் சக்தி மட்டும். இந்தப் பயணத்துக்கு இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். தண்ணீரும் கூட வருவதில்லை, இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றிவிட்டு நின்றுகொள்கிறது.

நீண்ட அலைகள் வேகமாகவும் குட்டை அலைகள் மெதுவாகவும் ஓடுவதால், ஒரே புயலின் நீண்ட அலைகள் முதலில் கரை தொடும். நாள் போகப்போக இடைவெளி 18 விநாடி, 16, 14 என்று குறையும். இந்தக் குறைவின் வேகத்தை வைத்தே புயல் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்! போட்டவர் வால்டர் மங்க். வியன்னாவில் 1917-ல் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, 101 வயதில் மறைந்த கடலியல் மேதை. மெக்சிகோவுக்கு மேற்கே உள்ள குவாடலூப் தீவில் உட்கார்ந்துகொண்டு, அங்கே வந்த அலைகள் இந்தியப் பெருங்கடல் புயலில் பிறந்தவை என்று கண்டுபிடித்தவர் இவர்.

இன்று போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் எல்லாரும் போனில் பார்க்கிறார்களே, அலை முன்னறிவிப்பு, அது போருக்காகப் பிறந்தது, தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகளை இறக்கத் திட்டம். ஒத்திகையில் அலை கொஞ்சம் உயர்ந்தாலே படகுகள் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டன. குளிர்காலத்து மொராக்கோக் கரையிலோ அதைவிடப் பெரிய அலைகள் சர்வசாதாரணம். இளைஞர் மங்க் பதறிப்போய், தன் ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்போடு சேர்ந்து, காற்றிலிருந்து அலையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். 1942 நவம்பரில் படைகள் இறங்கின. 1944-ல் நார்மண்டிக்கும் இதே முறை உதவியது. வேலைக்கு மட்டம் போட்டு அலைக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு பேருக்கும் கடன்பட்டவர்கள்.

சரி, அலை கரைக்கு வந்துவிட்டது. இனி பாறையின் ஆட்டம். 300 மீட்டர் நீள அலைக்கு ஆழம் அதில் பாதியாகக் குறைந்ததுமே கடலடி தட்டுப்படத் தொடங்கும். கரையருகே தண்ணீர் ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் மட்டுப்படும். மூன்று மீட்டர் ஆழத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை! முன்னது மெதுவாகிறது, பின்னது நெருக்குகிறது, அலை நீளத்தில் குறுகி உயர்கிறது. கடைசியில், ஓடிவருகிறவன் வாசற்படி தடுக்கித் தலைகுப்புற விழுவது மாதிரி, கால் பாறையில் சிக்க, தலை முன்னால் பாய்ந்து விழுகிறது. மூன்று மீட்டர் அலை சுமார் நான்கு மீட்டர் ஆழத்தில் உடையும். ஆக, சறுக்குகிறவருக்குக் கீழே இருப்பது பெருங்கடல் அல்ல. ஒரு மாடி உயரத் தண்ணீரும் அதன் கீழ்ப் பாறையும்தான்.

கடலடி மெல்லச் சரிந்தால் அலை மேலிருந்து நுரைத்துக்கொண்டே வழியும், பயமில்லை. திடீரென்று மேடானால்தான் உச்சி முன்னே எறியப்பட்டு, நடுவே காற்றுக் குகை உண்டாகும். அதற்குள் புகுந்து வெளியே வருவதற்காகத்தான் ஆயுள் முழுக்க அலைகிறது ஒரு கூட்டம். எது வழியும், எது சுருளும் என்று சொல்ல ஓர் எண்ணே உண்டு. கடலடிச் சரிவையும் அலையின் செங்குத்தையும் சேர்த்துப் பார்க்கும் இரிபாரென் எண். பெயர் தந்தவர் ரமோன் இரிபாரென், அட்லாண்டிக்கை ஒட்டிய பாஸ்க் நாட்டுத் துறைமுகப் பொறியாளர். அலைகள் தடுப்புச் சுவர்களை உடைக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் பெயர் தாங்கிய எண், கடைசியில் அலைக்குள் புகுந்து விளையாடுகிறவர்களின் ரசனையையும் விளக்குகிறது!

மணலடி அலைக்கும் பாரலைக்கும் என்ன வித்தியாசம்? மணல் ஊர் மாறிவிடும். அதே பாஸ்க் நாட்டில் முந்தாகா என்ற ஆற்று முகத்தில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற இடதுபக்க அலை ஒன்று. மணல்திட்டின் மேல் எழுவது. 2003-ல் ஆற்றின் மேல்புறம் உள்ள ஒரு கப்பல் கட்டும் தளத்துக்காக ஆற்றைத் தூர்வாரினார்கள். திட்டு உருக்குலைந்தது. அலை காணாமல் போனது! 2005-ல் உலகச் சுற்றுப் போட்டியையே ரத்து செய்தார்கள். பிறகு மணல் திரும்பியது, அலையும் திரும்பியது.

பாறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். மதேய்ரா தீவில் ஜார்டிம் டு மார் என்ற குக்கிராமம். அங்கே கரையோரம் பிரமாண்டமான கடல்சுவர் கட்டினார்கள். கடலடி அசையவில்லை. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் தண்ணீர், வரும் அலையைக் குலைக்கிறது. நீர் ஏற்றத்தில் அங்கே இறங்குவதே ஆபத்தாகிவிட்டது. அந்தச் சுவரை எதிர்த்த போராட்டத்தில்தான் ‘சேவ் த வேவ்ஸ்’ பிறந்தது. எரிசெய்ராவுக்குக் காப்பகப் பட்டம் தந்தார்களே, அவர்களேதான்.

சறுக்குகிறவர் கடலுக்குள் போவது எப்படி? பாரலையில் அலையை எதிர்த்துத் துடுப்படித்துப் போக வேண்டியதில்லை. பாறைமேட்டில் வந்து குவியும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். அது பக்கத்துப் பள்ளத்தின் வழியாகக் கடலுக்கு ஓடும். நீச்சல் தெரியாதவரைக் கொல்லக்கூடிய அந்த இழுப்பு, தெரிந்தவருக்கு இலவச வண்டி! எழுந்து நின்றதும் அலை அவரைத் தள்ளுகிறது என்று நினைக்காதீர்கள். அவர் சரிவில் கீழே வழுக்கிக்கொண்டே இருக்கிறார், அலை சரிவை உயர்த்திக்கொண்டே இருக்கிறது. கரையை நோக்கி நேராக அல்ல, உடையும் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில். நீர்மட்டமோ அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கரை எரிசெய்ரா. காலையில் அருமையான அலை தந்த பார், மதியம் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே நிற்கும். பாறை இடுக்கெல்லாம் முள் சிலிர்த்த கடல் முள்ளெலிகள் வேறு. கால் வைத்தால் முள் ஏறும். எரிசெய்ராக்காரர்கள் அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறச் சினையை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். பழிக்குப் பழி என்று வைத்துக்கொள்ளலாம்.

குளிரைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஆகஸ்ட் வெயிலில் கரை கொதிக்கும்போதும் இந்தக் கடல் ஜில்லென்றுதான் இருக்கும். கோடையில் விடாமல் வீசும் வடகாற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து விலக்க, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீர் கொண்டுவரும் சத்தில் கொழுப்பதுதான் போர்ச்சுகலின் பெயர்பெற்ற மத்தி! இந்தக் குளிரைத் தாங்க வைக்கும் ரப்பர் உடையை யோசித்தவர் ஹியூ பிராட்னர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர். உடம்பு நனைந்தால் பரவாயில்லை, ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள் சூட்டைக் காக்கும் என்பது அவர் கண்ட சூட்சுமம்.

எரிசெய்ராவின் இந்தப் பாறைகளில் சறுக்கி வளர்ந்த பிள்ளைதான் தியாகு பீரெஷ். 2008-ல் உலகச் சுற்றுப் போட்டிக்குள் நுழைந்த முதல் போர்ச்சுகீசியர்.

இன்னும் வடக்கே போனால் ஆச்சரியம் பெருகுகிறது. ஸ்காட்லாந்தின் வட முனையில் தர்சோ. ஆறு சுமந்து வரும் மக்கிய புல்மண்ணால் அலையே தேநீர் நிறம். அடியில் தட்டையான பலகைக்கல். அந்தக் கல் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நன்னீர் ஏரியின் அடியில் படிந்த சேறு! ஏரியின் தரையில் இன்று பெருங்கடல் உடைகிறது. அதே வட்டாரக் கல்லை வெட்டிக் கப்பலேற்றித் தூரதேச நகரங்களின் நடைபாதைகளில் பாவினார்கள்.

அயர்லாந்தின் முல்லக்மோர்? அந்தப் பெயர் இந்தியர்களுக்கு வேறு வகையில் தெரிந்திருக்க வேண்டும். நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் 1979 ஆகஸ்ட் 27-ல் படகில் வெடிகுண்டுக்குப் பலியானது அந்தக் கரைக்கு அருகேதான். அவர் கோடையைக் கழித்த கிளாஸிபான் மாளிகை குன்றின் மேல் தெரியும். அதன் முன்னால், முனைக்கு வெளியே உள்ள பாறைப்படியில், ஐரோப்பாவின் மிகக் கொடூரமான பாரலைகளில் ஒன்று எழுகிறது. எப்சிலன் புயலின் மிச்சம் அட்லாண்டிக்கைக் கலக்கியபோது, 2020 அக்டோபர் 28-ல் கானர் மகுவையர் அங்கே சறுக்கிய அலை சுமார் 60 அடி என்று மதிப்பிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. மறுநாள், 29-ந்தேதி, அதே புயலின் அலைகள் போர்ச்சுகலின் நசரேவை அடைந்தன. அங்கே பார் இல்லை, கரை வரை நீளும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு. அதில் ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர், கின்னஸ் சாதனை! ஒரே புயல், இரண்டு நாள், இரண்டு நாடு.

அட்லாண்டிக்குக்குப் பலகை சவாரி ஹவாயிலிருந்து வந்த இறக்குமதி என்று நினைத்திருந்தால், 1834-ல் இன்றைய கானாவின் அக்ராவுக்குப் போன பிரிட்டிஷ் பயணி ஜேம்ஸ் அலெக்ஸாண்டரைக் கேளுங்கள். சிறுவர்கள் வயிற்றடியில் பலகை வைத்து, அலைக்குக் காத்திருந்து, அதன் மேல் கரைக்கு வருவதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். துப்பறியும் கதை ராணி அகதா கிறிஸ்டிகூட 1922-ல் தென்னாப்பிரிக்காவில் பலகை பிடித்தவர்.

கடைசியாக ஒன்று. இந்த அலைகளின் ஆட்டம் கரையோடு நிற்பதில்லை. எதிரெதிர் திசையில் ஓடும் அலைகள் சந்திக்கும்போது, கரையில் மோதித் திரும்பியவையும் சேர்த்துத்தான், ஒரு விசித்திரமான அழுத்தம் நேரே கடலடிக்கு இறங்குகிறது என்று 1950-ல் கணிதம் போட்டுக் காட்டினார் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸ். அது தரையை அதிரவைக்கிறது. நமக்குத் தெரியாத அதிர்வு, ஆனால் கடலே கண்ணில் படாத ஊர்களின் நிலநடுக்கமானிகளும் அதை ஓயாமல் பதிகின்றன. அளவிடும் மிதவைகள் இல்லாத பழைய காலத்தில் அட்லாண்டிக் அலைகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள, விஞ்ஞானிகள் இன்று அந்தக் காலத்து நிலநடுக்கப் பதிவுத் தாள்களை எடுத்துத் தூசி தட்டுகிறார்கள்!